சாவி யார் கையில்?

ஹட்டன்

அன்பின் மச்சான்,

நாங்கள் சுகம். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? குரல் பதிவாய் அனுப்பித் தள்ளுகிறாயே, இரண்டு வரி எழுதினால் கனடாக்காரன் கை தேய்ந்தா போய்விடும்? இங்கே மழை விட்டபாடில்லை. சம்பளப் பேச்சு வழக்கம்போல இழுபடுகிறது. கட்டையன் புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறான், கால்தான் இன்னும் நிலத்துக்கு எட்டவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்து மாணவர் பாராளுமன்றத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். தேர்தல் எல்லாம் அமர்க்களம்தான். அட்டைப் பெட்டி, வாக்குச்சீட்டு, விரலில் மை, சபாநாயகருக்கு அங்கி. கல்வி வலய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அதோடு அடுத்த தேர்தல் வரைக்கும் பெட்டி அலுமாரியில்.

இந்த முறை அப்படி முடியவில்லை. தரம் எட்டுப் பிள்ளை ஒன்று, சுகாதார அமைச்சராம், எழுந்து நின்றது. தாளைப் பார்க்கவில்லை. "பொம்பளப் பிள்ளைக டொய்லட் சாவி ஏன் சேர்மார் ரூமுல இருக்கு? எல்லாருக்கும் முன்னால போய்க் கேக்க வெக்கமா இருக்கு. அதனால நாங்க காலையிலயிருந்து தண்ணியே குடிக்கிறதில்ல" என்றது. ஹோல் முழுக்க அமைதி. சுகாதாரம், சுகாதாரம் என்று வருஷக்கணக்காய்ப் போஸ்டர் ஒட்டுகிற கூட்டம் நாங்கள். அந்தச் சாவி எங்கள் கண்முன்னேதான் ஆணியில் தொங்குகிறது.

பிரதி அதிபர் உடனே, "அது நிர்வாக விஷயம், இங்கே பேசக்கூடாது" என்றார். சபாநாயகர் பொடியன் அங்கியைச் சரிசெய்துகொண்டு பணிவாகத்தான் கேட்டான்: "அப்ப எங்க பேசுறது சேர்?"

அதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை மச்சான், ஏனென்றால் அப்படி ஓர் இடமே இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தை எடுத்துக்கொள். அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் எல்லோருக்கும் அதில் இடமுண்டு. நீயும் நானும் பழைய மாணவர் என்ற பெயரில் போய் உட்கார்ந்து, சுவருக்கு என்ன பெயின்ட் அடிப்பதென்று சண்டை பிடிக்கலாம். இன்றைக்கு அந்தச் சுவருக்குள் இருக்கிற பிள்ளைக்குத்தான் இடமில்லை. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இலேயே ஏற்றுக்கொண்டது. பிள்ளையைப் பாதிக்கிற விஷயத்தில் அதன் கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் உறுப்புரை. அதைப் பாடமாக நடத்திப் பரீட்சையிலும் கேட்கிறோம். சாவியைக் கேட்டால் மட்டும் நிர்வாக விஷயம்.

"மாணவத் தலைவர்கள் இருக்கிறார்களே" என்கிறார்கள். அவர்களைத் தெரிவு செய்வது யார்? நாங்கள். மேலேயிருந்து வருகிற உத்தரவைக் கீழே இறக்குவதுதான் அவர்கள் வேலை. கீழேயிருந்து ஒன்றும் மேலே ஏறாது. பட்ஜ் குத்திய காலத்தில் உன்னைக் கங்காணி என்று சும்மாவா கூப்பிட்டோம்?

பிறகு ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர், "இதுகளுக்கு என்ன தெரியும், இதுகளின் நல்லதுக்குத்தானே நாம் முடிவெடுக்கிறோம்" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. 1948இல் பிரஜாவுரிமை போய், அடுத்த வருஷம் வாக்கும் போய், 2003 சட்டம் வரைக்கும் மிச்சம் மீதியைத் தீர்க்க இழுத்தடித்த மலையகத் தோட்டச் சனம் நாம். என் அம்மாயி ஒரு தரம்கூட ஓட்டுப் போடாமல்தான் செத்தது, உனக்குத் தெரியும். அதுகளுக்கு என்ன தெரியும் என்று நம்மைப் பற்றி எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அதே பேச்சு நம் வாயிலேயே வந்தால்?

பிள்ளைகள் அதிபரை மாற்றட்டும், பரீட்சையை நிறுத்தட்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் ஒன்றைத் தீர்மானித்துக் கொடுத்தால் இரண்டு கிழமைக்குள் அதிபர் பதில் தர வேண்டும். முடியாதென்றால் ஏன் முடியாதென்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். "ஆம்" என்று வாயால் சொல்லி மறந்துவிடுவதைவிட, எழுதிவைத்த "இல்லை" மேல். அடுத்த வருஷப் பிள்ளைகள் அதை எடுத்து வைத்து மறுபடி கேட்கலாமே.

இன்னொன்றும் கேட்டேன். கூட்டம் பள்ளி நேரத்துக்குள் நடக்க வேண்டும். பள்ளி விட்டபின் வைத்தால் தோட்டத்து மேல் டிவிஷன் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடிவிடும். டவுன் கடைக்காரர் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை கலர் உடுப்பு வேண்டும் என்று தீர்மானம் போடும். வாய் உள்ள பிள்ளைதான் எப்படியும் ஜெயிக்கிறது. அந்தத் தரம் எட்டுப் பிள்ளை ஜெயித்தது தற்செயல்தான்.

இப்போதைக்குச் சாவி தரம் எட்டு வகுப்பு லாச்சியில். அறிக்கைப் புத்தகம் பற்றி அதிபர் "பார்ப்போம்" என்றிருக்கிறார். அவர் "பார்ப்போம்" உனக்குத் தெரியாததா!

ஒன்டாரியோவில் கல்விச் சபையில் மாணவப் பிரதிநிதி உட்காருவதாகவும், அவர் வாக்கு முடிவில் சேராவிட்டாலும் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கலாம் என்றும் போன தரம் சொன்னாயே, அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மகளிடம் கேட்டு, அவள் பள்ளிக்கூடத்தில் அது நிஜத்தில் எப்படி நடக்கிறதென்று எழுதச் சொல். பெருமை வேண்டாம், நடக்காததையும் எழுதட்டும். தமிழில் எழுத வராது என்று சாக்குச் சொல்லாதே, அவள் சொல்லச் சொல்ல நீ எழுது. இந்த மாத முடிவுக்குள் வேண்டும், அதற்குப் பிறகுதான் அபிவிருத்திச் சங்கக் கூட்டம்.

தங்கச்சிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் பழைய வாங்குக்காரன்