சக்கர நாற்காலிப் பிள்ளைகளுக்குப் பள்ளி வண்டி கேட்டு மீண்டும் ஒரு மனு

பெறுநர்: மாவட்டக் கல்வி இயக்குநர் அவர்கள்
அனுப்புநர்: சிறப்புப் பள்ளிப் பெற்றோர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
பொருள்: நிறுத்தப்பட்ட பள்ளி வண்டியை மறுபடி விடுவது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக முன்பு கொடுத்த மனுக்களுக்கு ஒரு வரி பதில்கூட வரவில்லை. அலுவலகத்தில் கேட்டால் ஃபைல் மேலே போயிருக்கிறது என்கிறார்கள். அதனால் பணிவோடு மறுபடியும் எழுதுகிறோம்.

1. எங்கள் பிள்ளைகளில் சிலருக்குப் பார்வை இல்லை, சிலருக்குக் காது கேட்காது, சிலருக்கு இரண்டோடு கைகால் இறுக்கமும் வலிப்பும் சேர்ந்திருக்கிறது. சென்ற ஆண்டு வரை லிஃப்ட் வைத்த வண்டி வந்தது, கூடவே ஓர் உதவியாளரும் வருவார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

2. பதிலுக்கு வந்தது சாதாரண வேன். சாய்தளம் இல்லை, நாற்காலியைத் தரையோடு இழுத்துக் கட்டும் பட்டைகளும் இல்லை. ஓடுகிற வண்டியில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ஓட்டுநர் தனியாள் என்ன செய்வார்? அவரும் பயந்துபோய் வருவதை நிறுத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்லவில்லை.

3. நம் ஊர் மேடு பள்ளம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஹிகின்சன் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் பாதி வீடுகள் சாலைக்கு மேலே, பாதி கீழே. எங்கள் வீடு கீழே. சாலைக்கு வர சிமென்ட் படிகள்தான், கைப்பிடி கிடையாது, மழை பெய்தால் பாசி வழுக்கும். முதலில் மகனைத் தூக்கிக்கொண்டு ஏறி, சுவரோரம் உட்கார வைத்து, பக்கத்து வீட்டு அக்காவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, திரும்ப இறங்கி நாற்காலியை ஏற்ற வேண்டும். அவனுக்குப் பதினொரு வயது, என் முதுகு இனித் தாங்காது. அப்புறம் ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் டாக்ஸி வேன். நாற்காலியைப் பார்த்ததும் பலர் நிறுத்துவதே இல்லை. நிறுத்துகிறவர் நாற்காலிக்கும் தனி ஆள் கட்டணம் கேட்கிறார், ஆக மூன்று பேர் காசு, அதுவும் போக வர. அரசு மாதாமாதம் தரும் பிள்ளைப் பராமரிப்பு உதவித்தொகையில்தான் டயப்பர், சாப்பாடு, மின்சாரம் எல்லாம். பாதி நாள் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம். வராத பிள்ளையின் இடத்தை எத்தனை நாள் காலியாக வைத்திருப்பார்கள் என்று வேறு கவலை.

4. ஐயா, இதைத் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். என் மகனுக்குக் கண்ணும் தெரியாது காதும் கேட்காது. அவனுக்கு எது சொல்வதானாலும் கையில் தொடக் கொடுத்துத்தான் சொல்ல வேண்டும். கரண்டி கொடுத்தால் சாப்பாடு, துண்டு கொடுத்தால் குளியல், பழைய சீட் பெல்ட்டில் வெட்டிய ஒரு துண்டுப் பட்டை கொடுத்தால் பள்ளி வண்டி. இதை அவனுக்குப் புரிய வைக்க டீச்சர் மாதக்கணக்கில் பாடுபட்டார். ஒவ்வொரு நாளும் பட்டையைக் கொடுத்து, உடனே வண்டியில் ஏற்றி, அப்படித்தான் அது அவன் மனதில் பதிந்தது. இப்போது அவனே அலமாரியில் துழாவி அந்தப் பட்டையை எடுத்து என் கையில் திணிக்கிறான். வண்டி இல்லை என்பதை நான் எதைத் தொடக் கொடுத்துச் சொல்வேன்? கேட்டும் கேட்டும் நடக்காவிட்டால் கேட்பதையே விட்டுவிடுவான், வருடக்கணக்கில் கற்றது போய்விடும் என்று டீச்சர் பயப்படுகிறார். பட்ஜெட் வரட்டும் என்று காத்திருக்கிற விஷயமா இது?

5. சட்டம் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறோம். அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவு அடிப்படைக் கல்வி எல்லோருக்கும் உரிமை என்கிறது. கடுமையான அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்வியை அரசு கைவிட்டது தவறு என்று கேப் டவுன் உயர் நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. தூரமும் காசும் தடையாக இருந்தால் மாணவர்களுக்கு வண்டி விடுவது அரசின் கடமை என்று கிரஹாம்ஸ்டவுன் உயர் நீதிமன்றம் 2015இல் சொன்னது. அதே ஆண்டு வந்த தேசிய மாணவர் போக்குவரத்துக் கொள்கையும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முன்னுரிமை தருகிறது. 2023இல் சைகை மொழியை 12ஆவது ஆட்சிமொழி ஆக்கினார்கள், சந்தோஷப்பட்டோம். சரி, பள்ளிக்கே போக முடியாத பிள்ளை அந்த மொழியை எங்கே கற்கும்?

6. வண்டி வேண்டும். லிஃப்ட், பட்டைகள், ஓர் உதவியாளர். புதிய ஒப்பந்தம் முடியும்வரை தற்காலிகமாக ஒன்றாவது விடுங்கள். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள், அடுத்து எங்கே போவது என்று பார்க்கிறோம். சும்மா இருப்பதை மட்டும் இனி ஏற்க முடியாது.

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வேறு வழி தெரியவில்லை. ஒரு காலை நேரம் எங்கள் தெருவுக்கு வந்து அந்தப் படிகளைப் பாருங்கள். அடுத்த பள்ளித் தவணை தொடங்குவதற்குள் வண்டியை விடுமாறு மீண்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர் சார்பில் ஒரு தாய்
(மற்றப் பெற்றோரின் கையொப்பங்கள் அடுத்த தாளில்)