வேலிக்கு வெளியே நிற்கிறேன்

சௌதாம்ப்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். "பெண் குழந்தையைக் குதிரையில் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்க்கிறாயா?" என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அவள் பக்கத்திலேயே நின்றதால் அப்போது விரிவாகப் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊருக்கு அருகில் நியூ ஃபாரஸ்ட் என்னும் காடு இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் வேட்டைக்கென ஒதுக்கிய அந்த நிலத்தில் இன்று ஆயிரக்கணக்கான மட்டக்குதிரைகள் நம்மூர்த் தெரு மாடுகளைப் போல மேய்ந்துகொண்டும், கார்களைக் காக்கவைத்துச் சாலையைக் கடந்துகொண்டும் திரிகின்றன. ஆனால் அவை மேய்ச்சல் உரிமை உள்ளவர்களுக்குச் சொந்தமானவை. குதிரையேற்ற வகுப்பில் உங்கள் பேத்தி ஏறுவதும் அந்த இனத்துக் குதிரையில்தான். தோள் உயரம் 148 சென்டிமீட்டரைத் தாண்டாத, சாதுவானது என்று பெயரெடுத்த இனம் அது.

தொடக்கத்தில் பயிற்றுநர் கயிற்றைப் பிடித்தபடி கூடவே நடந்தார். அதுவரை எனக்குக் கவலையில்லை. குதிரை நடையிலிருந்து துள்ளோட்டத்துக்கு மாறியபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. அந்த ஓட்டத்தில் குதிரையின் கால்கள் குறுக்குச் சோடிகளாக மாறி மாறிப் பதியும். மேலே இருப்பவர் ஒரு சோடிக்கு எழுந்து மறு சோடிக்கு அமர வேண்டும். அந்தத் தாளம் பிடிபடும்வரை குழந்தை குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எளிதன்று.

பெற்றோர் குரல் கொடுக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. குதிரை இரை விலங்கு; திடீர்ச் சத்தம் கேட்டால் ஓடுவதே அதன் இயல்பு. சுவீடனில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், குதிரையோடு இருந்தவர்களிடம் ஒரு குடை சட்டென்று விரியப்போகிறது என்று சொல்லிவைத்தார்களாம். குடை விரியவே இல்லை. ஆனாலும் அவர்களுடைய இதயத் துடிப்போடு குதிரையின் துடிப்பும் கூடியிருக்கிறது. வேலிக்கு வெளியே நிற்கும் என் படபடப்பு குதிரையை நேரே எட்டாமல் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் மகள் என் முகத்தைப் பார்க்கிறாள், அவள் வழியாக அது போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகையால் கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அவளுடைய குதிகால், பாதம் ஊன்றும் வளையமான அங்கவடிக்குக் கீழே அழுந்தியிருக்கிறதா, குதிரையின் காதுகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பவற்றையே கவனிக்கிறேன். தலைக்கவசத்தின் பட்டை இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அதை முடித்த பிறகு மற்றது பயிற்றுநர் பாடு. (உங்கள் மாப்பிள்ளை காரிலேயே உட்கார்ந்து செய்தி படிக்கிறார், அதுவும் ஒரு வழிதான்.)

உங்களிடம் மறைக்க விரும்பவில்லை: ஒரு முறை அவள் நழுவி மணலில் விழுந்தாள். பயிற்றுநர் கைகால்களை அசைக்கச் சொல்லிப் பார்த்து, சற்று உட்காரவைத்து, மீண்டும் ஏறுகிறாயா என்று அவளிடமே கேட்டார். அவள் ஏறினாள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. விழுந்தபோது தரையில் மோதிய தலைக்கவசத்தை மாற்றிப் புதிது வாங்கிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் உங்களோடு பேசுவாள். "பார்த்து, விழுந்துவிடாதே" என்று அம்மா சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குதிரைக்கு என்ன தீனி வைத்தாய், அதன் குளம்பை எப்படிச் சுத்தம் செய்தாய் என்று கேளுங்கள்; அரை மணி நேரம் நிறுத்தாமல் சொல்வாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்