24ஆம் திகதி இரவு வான் பார்த்தல்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோர், பாதுகாவலர்களுக்கு,

வணக்கம். தரம் 8 முதல் 11 வரையான பிள்ளைகளுக்காக 24.01.2026 சனிக்கிழமை மாலை 6.30 முதல் 9.00 மணி வரை எமது மைதானத்தில் வான் பார்க்கும் நிகழ்வு ஒன்றை விஞ்ஞான ஆசிரியர்கள் ஒழுங்கு செய்துள்ளனர். என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. யூரியூப் படங்களை மனதில் வைத்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

திகதியைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அன்று வளர்பிறை, நிலவில் பாதிக்கும் குறைவாகவே வெளிச்சம் இருக்கும். வெளிச்சமும் இருளும் சந்திக்கும் எல்லையில் சூரியன் சரிவாகப் படுவதால் குழிகளின் நிழல் நீண்டு விழும். முழுநிலவில் நிழல் இல்லை, கண்தான் கூசும். ஆகவே மழை குழப்பினால் அடுத்த நாள் ஞாயிறு அதே நேரத்துக்கு வைப்போம். அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் பௌர்ணமி நெருங்கிவிடும்.

நிலவின் தென் ஓரத்தில், அந்த எல்லைக்கு அருகேதான் இந்தியாவின் சந்திரயான்-3 இன் விக்ரம் தரையிறங்கி நிற்கிறது. 2023 ஓகஸ்ட் 23 மாலை 6.04க்கு, அந்த இடத்தில் சூரியன் உதித்திருந்த வேளையாகப் பார்த்து இறக்கினார்கள். சூரியக் கலங்களில் ஓடும் கருவிக்கு நிலவின் ஒரு பகல், அதாவது எமது 14 நாட்கள்தான் ஆயுள். நிலத்துள் செருகிய வெப்பமானி மேற்பரப்பில் 50 பாகைக்கு மேல் காட்ட, 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் சுழியத்துக்குக் கீழே 10 பாகை காட்டியது. நிலவின் மண் வெப்பத்தைக் கடத்துவதில் அவ்வளவு மோசம். "விக்ரம் தெரியுமா?" என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். தெரியாது. எம்மிடமுள்ள 70 மில்லிமீற்றர் தொலைகாட்டியில் நிலவில் சுமார் 4 கிலோமீற்றருக்குச் சிறிய எதுவும் பிரிந்து தெரியாது.

இருட்டியதும் முதலில் சனியைப் பார்ப்போம், அது நேரத்தோடு மறைந்துவிடும். நிலவுக்குக் கீழே மேற்கு வானில் இருக்கும். வளையம் அகலமாகத் தெரியாது. இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கோடு போல் இருக்கும். 2025 மார்ச்சில் வளையத் தளம் எமக்கு நேர் விளிம்பாகத் திரும்பியது, இப்போதுதான் மெல்ல விரிகிறது. அதே மார்ச்சில்தான் சனிக்குப் புதிதாக 128 துணைக்கோள்கள் அங்கீகரிக்கப்பட்டு மொத்தம் 274 ஆனது. எமக்குத் தெரியப்போவது பெரியதான டைட்டன் மட்டுமே. சனியைப் பார்த்தால் தோஷம் என்று வீட்டில் யாரும் பிள்ளையை மறிக்க வேண்டாம். அது வெறுங்கண்ணுக்கும் தெரிகிற கோள்தான்.

வியாழன் கிழக்கில் ஏறி வரும். அதன் நான்கு பெரிய துணைக்கோள்களும் ஒரே வரிசையில் தெரியும், 7.30க்கு ஒருமுறை, 9.00க்கு ஒருமுறை கொப்பியில் வரைந்தால் ஒன்றாவது நகர்ந்திருக்கும். "வேற்றுக்கிரகக் கப்பல் வருகிறது" என்று வட்ஸ்அப்பில் சுற்றியது 3ஐ/அட்லஸ் என்ற வால்வெள்ளி. 2025 யூலை 1இல் சிலியிலுள்ள தொலைகாட்டி கண்டுபிடித்தது. அதன் வேகத்தையும் பாதையின் வளைவையும் கணித்தால் சூரியனைச் சுற்றி மூடும் பாதையாக வரவில்லை. எமது ஞாயிற்றுத் தொகுதிக்கு வெளியிலிருந்து வந்ததாக உறுதியான மூன்றாவது பொருள் அது. டிசம்பரில் எம்மை மிக நெருங்கியபோதும் சுமார் 27 கோடி கிலோமீற்றர் தூரத்தில்தான் போனது. மார்ச் நடுப்பகுதியில் வியாழனைக் கடந்து போகும். எமது கருவிக்கு அது எட்டாது.

ஒரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடைப்பட்டி மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழேயுள்ள புகைப்படலம் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். மங்கிய ஒளியில் எமது கண் நிறம் பிரிக்காது. விண்வெளியிலுள்ள ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியின் 6.5 மீற்றர் ஆடி எம்முடையதைவிட 6,000 மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கிறது. அது பதிவதோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நிறங்கள் பிறகு கொடுக்கப்படுபவை.

சிலரிடம் இதே போன்ற தொலைகாட்டி வீட்டில் இருப்பதாக அறிகிறோம்; கொண்டுவரலாம். 700 மில்லிமீற்றர் குவியத்தூரத்துக்கு 25 மி.மீ. கண்வில்லை 28 மடங்கு, 10 மி.மீ. 70 மடங்கு பெருப்பிக்கும். எப்போதும் 25இல் தொடங்குங்கள். 10இல் வைத்தால் பூமி சுழல்வதால் சனி மூன்று நிமிடத்தில் வட்டத்தை விட்டுப் போய்விடும், அதற்குள் பிள்ளைகள் தொலைகாட்டியின் தாங்கியைத் தட்டினால் திரும்பத் தேட வேண்டும். துணைக் குறிபார்க்கும் குழாயைப் பகலிலேயே தூரத்துப் பனை வட்டில் வைத்துச் சரிசெய்துகொண்டு வாருங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது; பார்வை போகும்.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், வில்லையையும் விடாது. கறுப்பு மட்டையை வில்லையின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளமாகச் சுருட்டி முன்னால் போட்டால் பனி படிவது குறையும். படிந்துவிட்டால் துணியால் துடைக்க வேண்டாம், பூச்சு கீறுப்படும். மூடாமல் வைத்துக் காயவிடுங்கள்.

எமது மைதானத்தின் இருட்டு நகரப் பாடசாலைகளுக்குக் கிடையாது, அதைக் கெடுத்துவிட வேண்டாம். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாகும். ஒரு மோட்டார் சைக்கிள் வெளிச்சம் அத்தனையையும் குலைத்துவிடும். வாகனங்களை வாசலிலேயே நிறுத்துங்கள். ரோச் லைட்டுக்குச் சிவப்புத் தாள் சுற்றிக் கொண்டுவரட்டும். பூச்சிபொட்டு கருதிச் சப்பாத்து, நுளம்புக்கு நீளக் காற்சட்டை கட்டாயம். யானை நடமாட்டமுள்ள காட்டுப்பாதைகளால் வருபவர்கள் பிள்ளையைத் தனியே அனுப்ப வேண்டாம். பெரியவர் ஒருவர் வந்து 9.00க்குக் கையோடு கூட்டிச்செல்ல வேண்டும். யாரும் வராவிட்டால் பிள்ளையை வெளியே விடமாட்டோம். சம்மதக் கடிதம் 20ஆம் திகதிக்குமுன் வகுப்பாசிரியரிடம் கிடைக்க வேண்டும்.

வர முடியாதவர்களுக்கு: மார்ச் 3 செவ்வாய் சந்திர கிரகணம். எமக்கு நிலவு உதிக்கும்போதே முழுக் கிரகணம் முடிந்திருக்கும். விலகிக்கொண்டிருக்கும் நிலவை 6.47 வரை கிழக்கு அடிவானில் பார்க்கலாம். வெறுங்கண்ணே போதும், ஆபத்தில்லை. மரம் மறைக்காத வயல்வெளியாகப் பார்த்து நில்லுங்கள்.

இங்ஙனம்,
அதிபர்