போடிங் இடாப்புகளை வெளியே விடாதீர்கள்

இலங்கையின் வடக்கிலுள்ள பழைய மிஷன் பாடசாலைகளின் ஆளுநர் சபையினருக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

போன மாதம் உங்கள் பாடசாலைகளில் ஒன்றுக்கு, என் அம்மம்மாவின் அம்மம்மாவைத் தேடி வந்தேன். எந்தப் பாடசாலை என்று இங்கே எழுதவில்லை. அந்தச் சபைக்குத் தெரியும். பிள்ளைகள் தங்கிப் படிக்கும் போடிங் கட்டடத்தில் திருத்த வேலை நடக்கிறது. சாமான் அறையில் இருந்த, பிள்ளைகளின் பெயர்களைப் பதிந்த பழைய இடாப்புகள் விறாந்தை ஓரத்தில் குவிந்து கிடந்தன. தூவானம் அடித்து மேலே கிடந்தவை ஊதிப் போயிருந்தன. “பழைய பேப்பர்காரன் பாதியைக் கொண்டு போயிட்டான்” என்றார் காவலாளி.

ஒன்றை எடுத்துப் பிரித்தேன். ஒட்டிப்போன தாள்கள் நகம் பட்ட இடமெல்லாம் கிழிந்தன. ஒரேயொரு வரி வாசிக்க முடிந்தது. தகப்பன் பெயர். ஊர் அளவெட்டி. கொண்டு வந்தவை: பாய் 1, தலையணை 1, செம்பு 1. பிள்ளையின் பெயர் இருந்த இடத்தில் மை கரைந்து நீலமாய்ப் பரவியிருந்தது.

1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை என்று விழா மேடைகளில் நீங்களே சொல்கிறீர்கள். அமெரிக்க மிஷனரிமாரான டானியல் பூவர், ஹரியற் வின்சிலோ, உடுவிலில் ஏறக்குறைய 40 வருடம் படிப்பித்த எலைசா அக்னியூ ஆகியோரின் பெயர்கள் அழியப் போவதில்லை; மிஷனரிமாரின் கடிதங்களும் அறிக்கைகளும் அமெரிக்காவில் பத்திரமாக இருக்கின்றன. அவர்களிடம் படித்த பிள்ளைகளின் பெயர்கள் எங்கே இருக்கின்றன?

அந்தக் காலத்தில் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் காசு அனுப்பிய அமெரிக்கர், தான் விரும்பிய பெயரையே அந்தப் பிள்ளைக்கு வைக்கச் சொல்வது வழக்கம். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று ஆண்களில் சிலருக்கு இரண்டு பெயரும் நிலைத்தன. அவர்கள் நூல் எழுதினார்கள். பெண்பிள்ளைகளுக்கு அப்படி வாய்க்கவில்லை. எங்கள் வீட்டு வேதப்புத்தகத்தின் முதல் தாளில் நான் தேடி வந்தவளின் இங்கிலிஷ் பெயர் மட்டும் இருக்கிறது. தாய் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், எந்த ஊர், யாருடைய மகள் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. அதையெல்லாம் ஒரே வரியில் சேர்த்து வைத்திருந்தது அந்த இடாப்பு.

நான் கேட்பது இதுதான்: மிச்சமிருக்கும் இடாப்புகளில் ஒரு தாளையும் வெளியே விடாதீர்கள்.

1960, 61 சட்டங்களால் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, அரசிடம் போகாமல் தனியாக நின்றவை மாணவரிடம் கட்டணம் வாங்கவும் முடியாமல் தவித்தன. அப்போது கைகொடுத்தவர்கள் பழைய மாணவர்கள். இப்போது விழாவுக்கு நுழைவாயில் கட்டவும் எங்களிடம்தான் கேட்கிறீர்கள். தந்தோம், இனியும் தருவோம். கல்வெட்டில் சபை உறுப்பினர் அத்தனை பேரின் பெயரையும் பொறிக்க இடம் இருக்கிறது. பாயும் செம்புமாய் வந்த பிள்ளையின் பெயருக்கு ஓர் அலுமாரி இல்லையா? 1981இல் யாழ் நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்ததை இன்றும் சொல்லி அழுகிறோம். 1995இல் போரால் ஊரே எழும்பி ஓடியது. அதற்கெல்லாம் தப்பிய இடாப்புகள், சுவருக்கு வெள்ளை அடிக்கிற வேலையிலா போக வேண்டும்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து நனைந்தவற்றை வெயிலில் போடாமல், தாள்களுக்கு இடையில் வெறும் கடதாசி வைத்து ஃபானுக்குக் கீழே உலர விடுங்கள். ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலக நிறுவனத்தாரைக் கூப்பிடுங்கள். அதுவரை மற்றப் பாடசாலைகளும் தங்கள் சாமான் அறைகளைப் பூட்டி வையுங்கள். ஒரு தாளையும் வெளியே விடாதீர்கள்.

எந்தப் பேப்பர்காரன் கொண்டு போனான் என்று மட்டும் அந்தச் சபை எனக்குச் சொல்லட்டும். நானே போய்க் கேட்டு, கேட்கிற விலை கொடுத்துத் திருப்பிக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவி