விலை கொடுத்து வாங்கிய வசதிகளுக்கு மறுபடியும் மாதச் சந்தா கேட்பது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் ரயில் சிமுலேட்டர் விளையாட்டின் பதிவு பெற்ற வாடிக்கையாளர்,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
விளையாட்டைத் தயாரித்து விற்கும் நிறுவனம்.

பொருள்: "வரவிருக்கும் வசதிகள்" என விளம்பரம் செய்து விற்றவற்றைப் புதிய சந்தாத் திட்டத்துக்குள் மாற்றியது – திருத்தம் அல்லது பணம் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் ரயில் சிமுலேட்டர் விளையாட்டை ஒரே தவணையில் ₹1,499 செலுத்தி வாங்கினேன். பின்னர் நீலகிரி மலை ரயில் பாதைக்கெனத் தனியாக ₹599 செலுத்தினேன். இரண்டு முறையும், பணம் செலுத்தும் பொத்தானுக்கு மேலேயே "வரவிருக்கும் வசதிகள்" என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருந்தது. இவை அனைத்தும் இந்த விலையிலேயே அடங்கும், தயாரானதும் இலவச அப்டேட்டாக வந்து சேரும் என்று அதன் கீழே எழுதியிருந்தீர்கள். கடந்த மாதம் தாங்கள் வெளியிட்ட அறிவிப்பில் அதே பட்டியல், சொல்லுக்குச் சொல் மாறாமல், "பிரீமியம் சந்தாதாரர்களுக்கு மட்டும்" என்ற தலைப்பின் கீழ் இடம்பெற்றிருக்கிறது. பழைய கள்ளைப் புதிய மொந்தையில் ஊற்றி, மொந்தைக்கு மாத வாடகையும் கேட்கும் இந்த ஏற்பாட்டை என்னால் ஏற்க இயலவில்லை என்பதை எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பட்டியலில் இருந்தவை ஆடம்பர வசதிகள் அல்ல. அவை இல்லாவிட்டால் இதனைச் சிமுலேட்டர் என்று அழைப்பதற்கே இடமில்லை. முதலாவதாக, காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக்கை எடுத்துக்கொள்கிறேன். நமது ரயில்களில், ரயிலின் நீளம் முழுவதும் செல்லும் பிரேக் பைப் என்ற காற்றுக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தமும், பெட்டிகளின் காற்றுத் தொட்டிகளை நிரப்பும் ஃபீட் பைப்பில் 6 கிலோ அழுத்தமும் பராமரிக்கப்படுகின்றன என்பதும், லோகோ பைலட் (ரயில் ஓட்டுநர்) ஏ-9 என்ற பிரேக் கைப்பிடியை நகர்த்தும்போது பிரேக் பைப்பின் அழுத்தம் குறைந்து, அந்தக் குறைவு எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை பயணித்த பிறகே முழு ரயிலும் பிரேக் பிடிக்கிறது என்பதும் தங்கள் தயாரிப்புக் குழுவுக்குத் தெரியாதவை அல்ல. விற்பனைப் பக்கத்தில் தாங்களே இதனை விளக்கியிருந்தீர்கள். இன்று விளையாட்டில் நடப்பது வேறு. அளவுமானியின் முள் 5-லிருந்து 3.5-க்கு அழகாக இறங்குகிறது. ஆனால் முள் அசையத் தொடங்கும் அதே கணத்தில் எல்லாப் பெட்டிகளும் ஒருசேரப் பிடித்துக்கொள்கின்றன. சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் பாதையில், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அரக்கோணத்துக்கு முன்னால் ஒரே கம்பத்தருகே பிரேக் போட்டால், 8 பெட்டிகள் கொண்ட ரயிலும் 22 பெட்டிகள் கொண்ட ரயிலும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. முள் வெறும் படமாக ஆடுகிறதே தவிர, ரயிலின் ஓட்டத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ரயிலை ஓட்டுவதில் பாதித் திறமை அதனை நிறுத்துவதில்தான் இருக்கிறது. நடைமேடையின் முனையில், பெட்டிகள் குலுங்காமல், எண் பலகைக்கு நேராக நிறுத்தும் அந்த நிதானத்தைப் பழகிப் பார்க்கவே என்னைப் போன்றவர்கள் இதை வாங்கினோம்.

சிக்னல் விஷயத்தை நீட்டி எழுத வேண்டியதில்லை. பச்சைக்கும் ஒற்றை மஞ்சளுக்கும் நடுவே வந்து, வேகத்தைக் குறைக்கத் தயாராகச் சொல்ல வேண்டிய இரட்டை மஞ்சள் இந்த விளையாட்டில் இல்லை. பச்சையில் முழு வேகத்தில் கடந்தவுடன் அடுத்த சிக்னலில் ஒற்றை மஞ்சளும், அதையடுத்துச் சிவப்பும் வந்துவிடுகின்றன. அதேபோல், 25,000 வோல்ட் மேல்நிலைக் கம்பியில் மின்சாரம் இல்லாத நியூட்ரல் செக்‌ஷன் வருவதற்கு 500 மீட்டருக்கு முன்பும் 250 மீட்டருக்கு முன்பும் எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறீர்கள். அவற்றைப் பார்த்து, எஞ்சினுக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் எஞ்சின் எந்த மாற்றமுமின்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. இவ்விரண்டும் சரிசெய்யப்படும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்த வாக்குறுதிதான்.

நீலகிரிப் பாதையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பொன்மலைக்காரனான எனக்கு அந்த ரயிலின் மீது தனிப்பற்று உண்டு. எண்ணெயை எரித்து ஓடும் அதன் நீராவி எஞ்சின்களை எங்கள் ஊர்ப் பணிமனையில்தான் கட்டினார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரையிலான ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவில், கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பகுதியே அந்தப் பாதையின் உயிர். அங்கே ஏற்றம் ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் இருப்பதால், சாதாரணச் சக்கரங்களின் பிடிமானத்தை மட்டும் நம்பி ரயில் ஏற முடியாது. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தில் எஞ்சினின் பற்சக்கரம் கடித்துக் கடித்து ஏற வேண்டும். எஞ்சின் பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். இந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. முதல் இரண்டில் வேலை செய்து முடித்த நீராவியே அடுத்த இரண்டுக்குச் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றும். 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டதற்கு இந்தப் பொறியியலும் ஒரு காரணம்.

₹599 கொடுத்து நான் வாங்கிய பாதையில் இவற்றில் ஒன்றுகூட இயங்கவில்லை. எஞ்சின் முன்னால் நின்று பெட்டிகளை இழுத்துச் செல்கிறது. கல்லாற்றைத் தாண்டியதும் பற்சட்டம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அது தரையில் வரைந்த கோலம்போல் கிடக்கிறது. சக்கரம் அதைத் தொடுவதில்லை. நீராவியின் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை முழுவதும் திறந்து வைத்தால், சமவெளியில் செல்வதுபோலவே, வழியில் உள்ள ஹில்குரோ நிலையத்தைக் கடந்துவிடலாம். உண்மையான ரயிலில் காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் ஏறினால் நண்பகல்வாக்கில்தான் ஊட்டியில் இறங்க முடியும். பாதையைச் சுற்றியுள்ள மரங்களும், பாலங்களும், குகைகளின் கல்வேலைப்பாடும் மிக நேர்த்தியாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதை மனமாரச் சொல்கிறேன். அதை வரைந்தவர்களின் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் "பற்சட்ட இயக்கம் அடுத்த அப்டேட்டில்" என்று சொல்லித்தான் அந்தப் பாதையைத் தனி விலைக்கு விற்றீர்கள். இப்போது அந்த அப்டேட் தயாராகிவிட்டது, ஆனால் பாதையை ஏற்கெனவே வாங்கியவரும் சந்தா கட்டினால்தான் அது கிடைக்கும் என்கிறீர்கள்.

அந்தச் சந்தா விலையைப் பார்ப்போம். அறிவிப்பில் பெரிய எழுத்தில் மாதம் ₹299 என்றிருக்கிறது. பணம் செலுத்தும் கடைசித் திரைக்கு வந்த பிறகே 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து அது ₹352.82 ஆகிறது. ஐந்து மாதச் சந்தா, விளையாட்டையே நான் வாங்கிய விலையைத் தாண்டிவிடும். சந்தாவை நிறுத்தினால் பிரேக்கும் சிக்னலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்று அறிவிப்பின் அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதாவது, எத்தனை ஆண்டுகள் கட்டினாலும் எதுவும் எனக்குச் சொந்தமாகாது.

அதைவிடவும் என்னை உறுத்தியது "ஒரு ரூபாய்க்கு ஒரு வாரம் சோதனை" என்ற சலுகை. அதை அழுத்தியதும், வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைத் தானாகப் பிடித்தம் செய்ய அனுமதி கேட்கும் யுபிஐ ஆட்டோபே ஒப்புதல் திரை வருகிறது. அதில் பிடித்தம் செய்யக்கூடிய தொகை "₹4,999 வரை" என்று இருக்கிறது. மாதம் ₹299 என்று சொல்லும் திட்டத்துக்கு ஏன் ₹4,999 வரை ஒப்புதல் வேண்டும் என்பதற்கு எங்கும் விளக்கமில்லை. நான் ஒப்புதல் அளிக்காமல் வெளியேறினேன். சேர்வதற்கு இரண்டு தட்டல்கள் போதும் என்றிருக்க, ரத்து செய்வதற்கோ விளையாட்டுக்குள் எந்தப் பொத்தானும் இல்லை. மின்னஞ்சல் அனுப்பி, "வேலை நாட்களில்" பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று தங்கள் உதவிப் பக்கம் சொல்கிறது.

சந்தா முறையே கூடாது என்று நான் வாதிடவில்லை. பலர் ஒரே நேரத்தில் இணைந்து, ஒருவர் நிலைய அதிகாரியாகவும் மற்றவர்கள் லோகோ பைலட்டுகளாகவும் ஆடும் வசதிக்குத் தாங்கள் சர்வர் நடத்த வேண்டியிருக்கிறது; அதற்கு மாதந்தோறும் செலவு ஆகும்; அதற்கு மாதந்தோறும் கட்டணம் கேட்பதில் நியாயம் உண்டு. அந்த வசதியும் பழைய பட்டியலில் இருந்ததுதான் என்றாலும், அதன் பொருட்டு நான் வழக்காடப் போவதில்லை. இனிமேல் புதிதாக உருவாக்கப்போகும் பாதைகளைச் சந்தாதாரர்களுக்கு முதலில் தருவதானாலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிரேக்கின் கணக்கும், சிக்னலின் ஒழுங்கும், பற்சக்கரத்தின் இயக்கமும் என் வீட்டில், என் கணினியில், என் மின்சாரத்தில் ஓடுபவை. ஒருமுறை எழுதி முடித்த அந்த நிரலை நான் மாதந்தோறும் பயன்படுத்துவதால் தங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு வராது. அவற்றை எழுதுவதற்கான செலவைத்தான் எங்களிடம் முன்பணமாக வாங்கிவிட்டீர்கள்.

தங்கள் உதவிப் பிரிவுக்கு இதைப் பற்றி முன்பே எழுதினேன். "திட்டமிட்ட வசதிகள் மாற்றத்துக்கு உட்பட்டவை" என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. வசதியே செய்ய முடியாமல் போயிருந்தால் அந்தப் பதிலில் ஓரளவு பொருள் இருந்திருக்கும். இங்கே வசதி மாறவில்லை, கைவிடப்படவுமில்லை. செய்து முடிக்கப்பட்டுத் தயாராக இருக்கிறது. மாறியது அதன் விலை மட்டுமே. விற்பனைக்குப் பிறகு ஒருதலைப்பட்சமாக விலையை மாற்ற அந்த வரி இடம் தருவதாக எடுத்துக்கொண்டால், எந்த விளம்பரத்துக்கும் எவரும் பொறுப்பேற்க வேண்டியிருக்காது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தையும் நியாயமற்ற வணிக நடைமுறையையும் தடுக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டு நெறிமுறைகள், நுகர்வோரை ஏமாற்றும் இணைய வடிவமைப்புகள் என 13 வகைகளைப் பட்டியலிடுகின்றன. ரத்து செய்வதைக் கடினமாக்கும் சந்தாப் பொறியும், முழு விலையை முதலிலேயே காட்டாமல் கடைசித் திரையில் கூட்டுவதும் அவற்றில் அடங்கும். தங்கள் கட்டணத் திரை இவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத் தங்கள் சட்டப் பிரிவே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆகவே, விளையாட்டையும் நீலகிரிப் பாதையையும் சந்தா அறிவிப்புக்கு முன் வாங்கிய அனைவருக்கும் ஏர் பிரேக், சிக்னல், நியூட்ரல் செக்‌ஷன், பற்சட்ட இயக்கம் ஆகியவற்றைச் சந்தா இன்றியும், தொடர்ந்த இணைய இணைப்பைக் கட்டாயமாக்காமலும், நிரந்தரமாக வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவ்வாறு வழங்க இயலாது எனில், நான் செலுத்திய ₹2,098 முழுவதையும், பணம் செலுத்திய அதே வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். தங்கள் கடையில் மட்டும் செல்லுபடியாகும் கூப்பனாகத் தருவதை நான் ஏற்கமாட்டேன். இதற்கிடையில், வரி உட்பட்ட முழு விலையையும் முதல் திரையிலேயே காட்டுவதும், ஆட்டோபே ஒப்புதலின் உச்சவரம்பை உண்மையான மாதக் கட்டணத்துக்கு இறக்குவதும், சேரும் இடத்திலேயே ரத்து செய்யும் பொத்தானை வைப்பதும் இனிமேல் சேரப்போகிறவர்களுக்காகத் தாங்கள் உடனே செய்யக்கூடியவை.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டிய பொறுப்பு குறைதீர்ப்பு அலுவலருக்கு உண்டு. அந்தக் காலத்துக்குள் தக்க பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வதுடன், நான் வசிக்கும் திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனு தாக்கல் செய்வேன்.

வாங்கியதற்கான இரண்டு ரசீதுகள், வாங்கிய நாளன்று எடுத்த விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், கடந்த மாத அறிவிப்பு, ஆட்டோபே ஒப்புதல் திரையின் படம், 8 பெட்டி மற்றும் 22 பெட்டி ரயில்கள் அரக்கோணத்தருகே ஒரே இடத்தில் நிற்பதைக் காட்டும் இரண்டு காணொளிகள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி.