சாகசப் புத்தகம் எழுதத் தாயக்கட்டை போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாயாஜாலக் கதைகளும் சாகச விளையாட்டுகளும் பிள்ளைகளின் புத்தியை மழுங்கடிக்கின்றன என்ற குரல் கடிதப் பகுதிகளில் அடிக்கடி கேட்கிறது. பெட்டி திறக்கவும் வாள் வாங்கவும் காசு கேட்கிற போன் விளையாட்டுகளைச் சொல்கிறார்கள் என்றால் கோபம் நியாயம்தான். வாங்கும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்கும்படி போனில் மாற்றி வைத்தால் பாதித் தொல்லை தீரும். அதற்காக மாயக் கதையையே ஒதுக்கிவிடுவது பெரிய இழப்பு. படிக்கிறவரே வழியைத் தேர்ந்து ஆடுகிற சாகசப் புத்தகமாக அதைத் தமிழில் எழுதலாம் என்பதே என் கட்சி.

நல்ல மாயக் கதையில் மந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. விக்கிரமாதித்தன் கதையில் விடை தெரிந்தும் ராஜா வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். எந்தப் பக்கம் போனாலும் நட்டம். அத்தனை கதைகளையும் அந்த ஒரு நிபந்தனைதான் சுமக்கிறது. இப்போது வரும் பல கதைகளில் நாயகன் இக்கட்டில் மாட்டும்போதெல்லாம் புதிதாக ஒரு மந்திரம் முளைத்துவிடுகிறது. அப்புறம் படிக்கிறவனுக்கு எதற்குப் பயம் வரும்?

விளையாட்டுக்கும் இதே கணக்குதான்: எடுக்கிற முடிவுக்கு ஒரு விலை இருக்க வேண்டும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட விளையாட்டில், நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி வாயாலேயே சாகசம் நடத்தினார்கள். 1982-இல் பிரிட்டனில் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் அதைத் தனி ஆள் படிக்கிற புத்தகமாக்கினார்கள். 400 பத்திகள். பத்தி முடிவில், இந்த வழி என்றால் இந்த எண்ணுக்குப் போ, அந்த வழி என்றால் அந்த எண்ணுக்குப் போ. பகடையும் பென்சிலும் இருந்தால் ஆயிற்று.

இதைத் தமிழில் எழுத வெளிநாட்டுப் பகடை தேடி அலைய வேண்டாம். நம் வீட்டுத் தாயக்கட்டையே போதும். ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெறும் பக்கம். இரண்டையும் உருட்டினால் 16 வகையில் விழும். அதில் மூன்று என்ற எண் நாலு வகையில் வரும். தாயம், அதாவது ஒன்று, இரண்டு வகையில். இரண்டுமே வெறும் பக்கமாக விழுந்தால் பன்னிரண்டு, அது ஒரே ஒரு வகையில். ‘மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் தப்பினாய்’ என்று எழுதினால் 16-க்கு 11 வாய்ப்பு. ‘நாலோ அதற்கு மேலோ’ என்றால் 7. ‘ஐந்தோ அதற்கு மேலோ’ என்றால் 4தான்.

புதிதாக எழுதுகிறவர்கள் சறுக்குகிற இடம் இங்கேதான். 16-க்கு 11 தாராளமாகத் தெரியும். அப்படி மூன்று சோதனைகளை அடுத்தடுத்து வைத்து, தோற்றால் சாவு என்று எழுதிவிட்டால், மூன்று பேரில் ஒருவர்தான் கரையேறுவார். பிள்ளை இரண்டு தடவை செத்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடும். அதனால் 12 உயிர்ப்புள்ளி கொடுத்துத் தொடங்குங்கள். ஒரு சோதனையில் தோற்றால் 2 குறையட்டும். செத்தே தீரவேண்டிய பத்தி 60-இல் மூன்றோ நாலோ போதும். அதற்கும் முன்கூட்டி ஓர் எச்சரிக்கை இருக்க வேண்டும்.

அடுத்தது கிளை. பத்திக்கு இரண்டு வழி என்று விட்டுக்கொண்டே போனால் ஐந்தாவது தேர்வில் 32 கிளையாகிவிடும், எழுதி மாளாது. பல வாய்க்கால் வந்து ஒரே குளத்தில் விழுவதுபோல வழிகளை ஓரிடத்தில் சேர்த்து, அங்கிருந்து மறுகால் பாய விடவேண்டும். சேருமிடத்தில் கவனம் தேவை. ‘கையில் விளக்கோடு நுழைகிறாய்’ என்று எழுதினால், ஆற்று வழியாக வந்தவனிடம் விளக்கே இருக்காது. விளக்கு கிடைத்த பத்தியில் ‘செம்மண்’ என்றொரு சொல்லைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு, ‘செம்மண் என்று எழுதியிருந்தால் 41-க்குப் போ’ என்றால் தீர்ந்தது.

பத்திகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் விட்டு மற்றதைக் குலுக்கி எண் போடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பத்தியில் என்ன நடக்கிறது என்று கண் எட்டிப் பார்த்துவிடும். எண் மாற்றியபின் ஒவ்வொரு சீட்டின் பின்புறமும், எந்தெந்தப் பத்தியிலிருந்து இங்கே வரலாம் என்று குறியுங்கள். முதல் பத்தி தவிர வேறெதன் பின்புறமாவது வெறுமையாக இருந்தால், அங்கே போக வழியே இல்லை என்று அர்த்தம். பழைய எண் ஒன்று மாறாமல் ஒளிந்திருந்தாலும் பெரும்பாலும் இதில் அகப்பட்டுவிடும்.

களத்துக்கு நம் நெல்லைச் சீமையில் பஞ்சமா? ஆடிக் காற்றில் இடம் மாறுகிற செம்மணல் மேடு, தேரி மணல் ஒன்று போதும்: போன வழியில் திரும்பி வர முடியாத காடு அது. பொதிகை அருவிகள், ஆதிச்சநல்லூர்த் தாழிகள், கடல் விலகிப்போன கொற்கை. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களை நினைத்துக்கொண்டு, எந்தத் தூணை முதலில் தட்டுவது என்று ஒரு புதிர் கட்டலாம். அதற்கான துப்பு குறைந்தது பத்துப் பத்திக்கு முன்பே வந்திருக்க வேண்டும். இத்தனையும் இருக்க, மேல்நாட்டுக் கதைகளின் எல்ஃப், ட்ராகன் என்று அப்படியே பெயர்த்து வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுடலைமாடனையும் இசக்கியம்மனையும் வெட்டிச் சாய்க்கிற பூதங்களாக யாரும் எழுதிவிடக் கூடாது. இன்றும் கொடை விழா நடக்கிற, வில்லுப்பாட்டில் கதை கேட்கிற தெய்வங்கள் அவை. அந்தக் கதைகளிலேயே வாக்கு, படையல், வரம், வாக்கு மீறினால் வரும் கேடு எல்லாம் இருக்கின்றன. விளையாட்டுக்கு அந்த ஒழுங்கை எடுத்துக்கொண்டு, பாத்திரங்களைப் புதிதாகப் படையுங்கள்.

தங்கள் சிறுவர் பகுதியில் 20 பத்திகளில் ஒரு சாகசம் வெளியிட வேண்டுகிறேன். பத்திக்கு 40 சொல் என்றால் 800 சொல்லில் முடிந்துவிடும். தொடராகப் பிரிக்காமல் ஒரே நாளில் முழுவதையும் போடுங்கள். பாதியை அடுத்த வாரத்துக்கு வைத்தால், 17-ஆம் பத்தியிலிருந்து 4-க்குத் திரும்ப வேண்டிய பிள்ளையின் கையில் பழைய தாள் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை