அக்காவின் பரு மாத்திரையைத் தம்பி சாப்பிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் பெண்களின் முகப்பரு, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரை. ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையால் பல பெண்களுக்குப் பரு அடங்குகிறது என்று எழுதியிருந்ததும் சரிதான். ஆனால் அதையே ஓர் ஆண் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. வீட்டில் அதே பேப்பரைத் தம்பியும் புரட்டுகிறான். கோத்தகிரியில் பல வருடமாக மருந்துக்கடை வைத்திருப்பவன் என்ற முறையில், விட்டுப்போன அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

மாத்திரையின் பெயர் ஸ்பைரோனோலாக்டோன். ஆல்டாக்டோன் என்று சொன்னால் பலருக்குத் தெரியும். இது பருவுக்காக வந்த மருந்தே இல்லை. இதயம் பலவீனமானவர்களுக்கும், கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் நீர் பிரிய எழுதிக் கொடுப்பது. கூடவே அதற்கு இன்னொரு குணம் உண்டு. ஆண் ஹார்மோன் போய் வேலை செய்ய வேண்டிய இடத்தை இது முந்திக்கொண்டு பிடித்துக்கொள்ளும். சருமத்தில் எண்ணெய்ப் பசையைக் கூட்டுவது அந்த ஹார்மோன்தான் என்பதால் பசை குறைகிறது, பருவும் குறைகிறது. பெண் உடம்பிலும் ஆண் ஹார்மோன் கொஞ்சம் இருக்கிறது. டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கும்போது அதைத் தடுப்பதில் பலன் இருக்கிறது. (கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் சாப்பிடவே கூடாது.) ஆணுக்கோ தாடி, தசை, தாம்பத்திய ஆசை, விந்து எல்லாமே அந்த ஹார்மோனை நம்பித்தான் இருக்கின்றன. அதைத் தடுத்துவிட்டால், ஆண் உடம்பில் சிறிதளவே இருக்கும் ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்கிவிடும். மார்க்காம்புக்குப் பின்னால் சுரப்பி வளரத் தொடங்கும். ஆசை குறையும், ஆண்மைக் குறைவும் வரலாம்.

இது நான் மிரட்டுவதற்காகச் சொல்வதல்ல. 1999-ல் வெளியான ரேல்ஸ் என்ற பெரிய ஆய்வில், இதய நோயாளிகளுக்கு தினம் 25 மில்லிகிராம் அளவில்தான் இதைக் கொடுத்தார்கள். அதற்கே ஆண்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மார்பு வீக்கமோ வலியோ வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது நூற்றுக்கு ஒருவருக்குத்தான். பருவுக்குப் பெண்களுக்கு எழுதுவது வழக்கமாக 50, 100 மில்லிகிராம். 2006-ல் ஜப்பானில் வந்த ஓர் ஆய்வில் பருவுக்காக ஆண்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு மார்பு வளர்ந்ததும் ஆண்களுக்குக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

இனி என் கடையில் நடந்தது. தேயிலை ஏற்றும் வண்டியில் வேலை பார்க்கும் பையன், வயது இருபதுக்குள். "மார்ல அடி பட்டுருச்சுண்ணா, வலிக்கு ஏதாவது தைலம் குடுங்க" என்றான். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் அடி படுமா? மூட்டையைத் தோளுக்கு ஏற்றும்போது மார்பில் பட்டால் உயிர் போகிறது என்றான். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பர்ஸிலிருந்து பாதி வெட்டிய மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தான். இதே ஸ்பைரோனோலாக்டோன். அக்காவுக்குக் கோவையில் எழுதிக் கொடுத்தது. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து இவனும் ஆரம்பித்திருக்கிறான். அது தீர்ந்ததும் கீழே ஒரு கடையில் வெறும் அட்டையைக் காட்டி வாங்கியிருக்கிறான். டாக்டர் சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. அட்டையில் சிவப்புக் கோடே போட்டிருக்கிறது.

அவன் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். எங்கள் ஊர்க் குளிரில் வருடத்தில் பாதி நாள் ஸ்வெட்டரும் ஜெர்கினும்தான். சமவெளியில் பனியனோடு திரியும் பிள்ளையின் மார்பில் மாற்றம் வந்தால் தாய் கண்டுபிடித்துவிடுவாள். இங்கே அது உள்ளேயே மறைந்து கிடக்கும். பையனும் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்ல மாட்டான். நாள் கடத்தக் கூடாத விஷயம் இது. ஆரம்பத்திலேயே மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் வடிந்துவிடும். ஒரு வருடத்துக்கு மேல் போனால் அந்தத் திசு இறுகிவிடும், பிறகு அறுவை சிகிச்சைதான் வழி என்றாகலாம். இந்தப் பையன் அன்றே நிறுத்தினான், டாக்டரிடமும் போனான். ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: மாத்திரையே சாப்பிடாத பையன்களுக்கும் 13, 14 வயதில் மார்பு லேசாக வீங்குவது உண்டு. அது பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். பெற்றோர் பதற வேண்டாம்.

ஆண்களின் பருவுக்கு மருந்தே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் ஜெல்கள் ஆண் பெண் இருவருக்கும் பொது. (பெராக்சைடு பட்டால் துண்டும் தலையணை உறையும் வெளுத்துவிடும், பழையதைப் பயன்படுத்துங்கள்.) குழி விழும் அளவுக்குப் பரு இருந்தால் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, ரத்தப் பரிசோதனையோடு டாக்டர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும், எங்கள் மார்கழிக் குளிரில் உதடு வெடிப்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஹார்மோனைத் தோலில் மட்டும் தடுக்கும் கிளாஸ்கோடெரோன் என்ற களிம்புக்கு அமெரிக்காவில் 2020-ல் அனுமதி கொடுத்தார்கள், 12 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் சேர்த்து. இதுவரை என் கடைக்கு யாரும் அதற்குச் சீட்டு கொண்டுவந்ததில்லை.

டாக்டர்களிடம் என் வேண்டுகோள்: பெண் பிள்ளைக்கு இந்த மாத்திரை எழுதும்போது, "வீட்டில் ஆண்கள் யாரும் எடுக்கக் கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சக கடைக்காரர்களிடம்: வெறும் அட்டையைக் காட்டி இதைக் கேட்டு வரும் இளைஞனிடம் யாருக்கு, எதற்கு என்று கேளுங்கள், சீட்டில்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். அதே சமயம் இதயத்துக்காகவோ கல்லீரலுக்காகவோ சாப்பிட்டுவரும் பெரியவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். அவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து; மார்க்காம்பைச் சுற்றி வீங்கி வலித்தால் டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து எழுதுவார்.

ஆண் பிள்ளைகளின் முகப்பரு பற்றி ஒரு தோல் மருத்துவரிடம் தனிக் கட்டுரை கேட்டு வாங்கி வெளியிடுங்கள். அதில் மாத்திரையின் பெயரைத் தமிழில், பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்